மூணு நாள் ஜூஸ்... நாலு பேர் சமையல்!

திருவதிகைக்கும் வயிற்றுக்கும் ரொம்பப் பழைய சொந்தம். ஏழாம் நூற்றாண்டில் சூலை நோயால் துடித்துப்போன மருள்நீக்கியார், திருப்பாதிரிப்புலியூரிலிருந்து அக்கா திலகவதியாரைத் தேடி வந்து, வீரட்டானேசுவரர் சந்நிதியில் பாடி வலி நீங்கித் திருநாவுக்கரசர் ஆன ஊர் இது. இன்றைக்கும் வயிற்றுக் கோளாறு என்றால், "ஒரு தடவை வீரட்டானம் போய்ட்டு வந்துடு" என்று சொல்கிற பெரியவர்கள் இங்கே உண்டு. அதே அப்பர் பிற்பாடு பழையாறை வடதளியில் இறைவனைக் காணும்வரை சாப்பிட மாட்டேன் என்று உண்ணாமல் இருந்ததையும் பெரியபுராணம் சொல்கிறது. ஆக, வயிற்று நோயும் பட்டினியும் இந்த ஊருக்குப் புதிதல்ல. ஜூஸ்தான் புதிது!

தெருவுக்கு ஒருத்தராவது இப்போது 'ஜூஸ் டயட்' பேசுகிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஐந்து நாளில் மூன்று கிலோ இறங்கியதாகச் சொன்னார். கோயில் பிராகாரத்தில் பேச்சு, பஸ்ஸில் பேச்சு, பள்ளிக்கூட வாசலில் பேச்சு. 'உடம்பில் இருக்கிற விஷமெல்லாம் வெளியே போயிடும்' என்கிறார்கள். சரி, மூன்று நாள் இருந்து பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். எனக்கு வயது 42. நெஞ்செரிச்சல், இடுப்பில் ஏறிய சதை, மதியம் மூன்று மணிக்குத் தானாக மூடிக்கொள்ளும் கண்கள்... இவை தவிர வியாதி என்று ஒன்றும் இல்லை.

வீட்டில் நான் போக நாலு பேர். அத்தை, அவர், ஒன்பதாவது படிக்கிற பெண், ஆறாவது படிக்கிற பையன். நான் பட்டினி கிடந்தாலும் இவர்களுக்கு இட்லி வெந்தாக வேண்டும், டிபன் பாக்ஸ் நிரம்பியாக வேண்டும். விரதம் என்றால் நம் வீடுகளில் என்றைக்குமே இப்படித்தானே! ஏகாதசி இருப்பவள் அவள், வடை தட்டுகிறவளும் அவள்.

முதலில் எங்கள் குடும்ப டாக்டரிடம் போனேன். பிரஷர், சர்க்கரை, ரத்தத்தில் கிரியாட்டினின், ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்தார். "மூணு நாள்னா இரும்மா. நாலாவது நாள் வேண்டாம். நடுவுல மோரும் காய்கறி சூப்பும் சேர்த்துக்க. தலை சுத்தினா அப்பவே நிறுத்திடணும்" என்றார். கிளம்பும்போது கூப்பிட்டு, "உன் வீட்டுக்காரர் கூட சேர்ந்துக்கப் போறாரு... அவருக்குக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார். அவருக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னேன். "ஏன், ஜூஸ்ல என்ன இருக்கு? நல்லதுதானே?" என்று சிரித்தார் அவர்.

அது எங்கே போய் நின்றது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தலைவலி யாருக்கு?

முதல் நாள். காலை ஆறு மணிக்கு வெந்நீரில் எலுமிச்சையும் ஒரு ஸ்பூன் தேனும். ஒன்பது மணிக்கு ஒரு டம்ளர் கேரட் ஜூஸ். பதினொரு மணிக்கு இளநீர். ஒரு மணிக்கு சாத்துக்குடி. நாலு மணிக்கு மோர். இரவு ஏழரைக்கு வெண்பூசணியும் தக்காளியும் போட்ட சூப்.

பசிக்குப் பயந்திருந்தேன். வந்தது தலைவலி! பன்னிரண்டு மணிக்குப் பின்னந்தலையில் ஆரம்பித்து, சாயங்காலத்துக்குள் கண்ணுக்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. "விஷம் வெளியே போகுது, அதான்" என்று பக்கத்து வீட்டு அக்கா சந்தோஷப்பட்டார். விஷமும் இல்லை, ஒன்றும் இல்லை. தினம் மூன்று டம்ளர் காபி குடித்துப் பழகிய உடம்பு, கஃபீன் இல்லாமல் 12 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் இப்படித் தலைவலி கொடுப்பது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. இருக்க நினைப்பவர்கள் ஒரு வாரம் முன்பிருந்தே காபியை அரை டம்ளர் அரை டம்ளராகக் குறைத்துக்கொண்டு வந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

'விஷம் போகிறது' என்கிற பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். உடம்பின் கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இராப்பகலாக வேலை செய்கின்றன. அவற்றுக்கு சாத்துக்குடி வந்து துடைப்பம் பிடிக்க வேண்டியதில்லை. எந்த விஷம், எவ்வளவு வெளியேறியது என்று கேட்டுப் பாருங்கள், ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

சமையலில்தான் வேடிக்கை. சாம்பாரில் உப்பு பார்க்க முடியாது. "அத்தை, கொஞ்சம் பாருங்களேன்" என்று கரண்டியை நீட்டினேன். முதல் நாள் காலையில் அலுத்துக்கொண்டவர், ராத்திரிக்குள் அடுப்படியைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். "பெருங்காயம் பத்தல. புளி கூடப் போச்சு. இத்தனை வருஷமா இப்பிடித்தான் வெச்சியா?" மூன்று நாளும் எனக்குப் பசியைவிட இந்தக் கமெண்ட்டுதான் கஷ்டமாக இருந்தது!

மூணு பழம், ஒரு டம்ளர்

ஒரு டம்ளர் சாத்துக்குடி ஜூஸுக்கு மூன்று, நாலு பழம் தேவை. பழமாக உரித்துத் தின்றால் இரண்டாவதிலேயே போதும் என்றாகிவிடும். ஜூஸாக்கினால் இரண்டே நிமிஷத்தில் உள்ளே போய்விடுகிறது. வடிகட்டியில் தங்கிய சக்கையோடு நார்ச்சத்து குப்பைக்குப் போய், சர்க்கரை மட்டும் டம்ளரில் நிற்கிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டியில், பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையையும் நாம் காபியில் போடும் சர்க்கரைக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது அவர்கள் ஆலோசனை. சர்க்கரை போடாத ஒரு பெரிய டம்ளர் ஜூஸிலேயே ஏறக்குறைய 20 கிராம் வந்துவிடும். கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் ஜூஸ் மீது 'நூறு சதவிகிதம் பழச்சாறு' என்று போடக்கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-ல் கம்பெனிகளுக்கு உத்தரவே போட்டது.

எனக்கு மூன்று நாளும் கிடைத்தது ஒரு நாளைக்கு 400 கலோரிக்குப் பக்கம். அதிகம் அலைச்சல் இல்லாத 55 கிலோ பெண்ணுக்கு 1,660 கலோரி வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் கணக்குச் சொல்லியிருக்கிறது. புரதம் 46 கிராம் வேண்டும். எனக்குக் கிடைத்தது மோர் புண்ணியத்தில் ஐந்தாறு கிராம் இருந்தால் அதிகம். பழச்செலவோ, எங்கள் வீட்டு ஒரு வாரக் காய்கறிச் செலவைத் தாண்டிவிட்டது!

ஊருக்கு ஊர் பழம் வேறு. எங்கள் பக்கம் மார்ச், ஏப்ரலில் முந்திரிப் பழம் தோப்புத் தோப்பாகக் கொட்டிக் கிடக்கும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். ஆரஞ்சைவிட நாலைந்து மடங்கு வைட்டமின் சி அதில் இருக்கிறது. தொண்டை கரகரக்கும் என்பதால் யாரும் சீண்டுவதில்லை. உப்புத் தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்தால் கரகரப்பு குறையும். சாத்துக்குடிக்கு அழும் காசை நினைத்தால், நம் தோப்பில் வீணாவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

'அண்ணனுக்கு ஒரு மாதிரியா இருக்கு!'

இரண்டாம் நாள். காலை மூன்று இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு, பையனுக்குச் சாக்ஸ் தேடப் போனேன். திரும்பி வந்தால் தட்டு காலி. அவர் ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார். பண்ருட்டியில் ஒரு முந்திரி மண்டியில் கணக்குப் பார்க்கிறார்.

பதினொன்றேகாலுக்கு போன். "அண்ணி, அண்ணனுக்கு ஒரு மாதிரியா இருக்கு. வேர்த்துக் கொட்டுது. கேட்டதுக்கு மாத்தி மாத்திப் பதில் சொல்றாரு..." கூட வேலை செய்கிற பையன். எனக்குக் கை நடுங்கியது. என்றாலும் டாக்டர் சொல்லித் தந்தது ஞாபகம் வந்தது. "உடனே மூணு ஸ்பூன் சர்க்கரை தண்ணில கரைச்சுக் குடு. முழிச்சு விழுங்குறாரான்னு பாத்துக் குடு. மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்தாத, வண்டி கூப்பிடு" என்றேன். மண்டி முதலாளிக்கும் சர்க்கரை. அவர் மேஜையில் இருந்த மீட்டரில் குத்திப் பார்த்தால் 58! கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது 96. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

நடந்தது இதுதான். இட்லியைப் பையனின் டிபன் பாக்ஸில் தள்ளிவிட்டு, என் கேரட் ஜூஸில் அரை டம்ளரை மட்டும் குடித்திருக்கிறார். காலை மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருக்கிறார். "நீ மட்டும் பட்டினி கிடக்கிறியேன்னு..." என்றார் சாயங்காலம். கோபப்படுவதா, அழுவதா?

சர்க்கரைக்காரர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. உணவு வராவிட்டால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை சரசரவென்று இறங்கும். 70-க்குக் கீழே போனால் வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், பேச்சுக் குழறல். இன்னும் இறங்கினால் வலிப்பு, நினைவு தப்புதல். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே கதிதான். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று புதிதாக வந்திருக்கும் மாத்திரைகளில் வேறு மாதிரி ஆபத்து. பட்டினி கிடக்கும்போது ரத்தம் அமிலமாகிப் போகலாம். மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் என்று வரும்போது 'ஜூஸ் ஒத்துக்கலை' என்று நினைத்து வீட்டிலேயே படுத்துக்கிடப்பார்கள்.

பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் பட்டினி கிடந்தால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு விழலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரும் பழச்சாறும் பொட்டாசியத்தை ஏற்றி இதயத் துடிப்பையே குழப்பும். கல் அடைப்பு வந்தவர்கள் பசலைக்கீரை, பீட்ரூட் ஜூஸ் பக்கமே போக வேண்டாம். அவற்றில் ஆக்சலேட் அதிகம்.

அத்தையின் நாக்கு

இரண்டாம் நாள் ராத்திரி சூப்புக்குச் சுரைக்காய் வாங்கி வைத்திருந்தேன். கத்தியை எடுத்ததும் அத்தை குறுக்கே வந்தார். "நுனியை நறுக்கி நாக்குல வெச்சுப் பாத்தியா? கசந்தா தூக்கிப் போட்டுடணும்." நான்தான் எதையும் வாயில் போடக்கூடாதே! அவரே சுவைத்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இதைச் சாதாரணப் பாட்டி வைத்தியம் என்று நினைக்காதீர்கள். 2010-ல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி, உடம்புக்கு நல்லது என்று வழக்கமாகக் குடித்துவந்த சுரைக்காய் ஜூஸைப் பாகற்காய் ஜூஸோடு கலந்து குடித்து இறந்தே போனார். கூடக் குடித்த அவர் மனைவி பிழைத்துக்கொண்டார். சுரைக்காய், வெள்ளரி வகையறாவில் சில காய்களில் குக்கர்பிட்டசின் என்ற கசப்பு விஷம் கூடிப்போகும். வாந்தி, ரத்தவாந்தி, பிரஷர் விழுதல் வரை போகும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்காகவே நிபுணர் குழு போட்டது. அந்தக் குழு சொன்ன யோசனை என்ன தெரியுமா? ஜூஸ் எடுக்கும் முன் சிறு துண்டைச் சுவைத்துப் பாருங்கள், கசந்தால் எறிந்துவிடுங்கள்! குடித்தபின் குமட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றும் சொன்னார்கள். பாகற்காயோடு கலந்தால் எந்தக் கசப்பு எதனுடையது என்று நாக்குக்கு எப்படித் தெரியும்? சுரைக்காய் ஜூஸைத் தனியாகவே எடுப்பது ஒன்றுதான் வழி. என்னைக் கேட்டால், சுரைக்காயைக் கூட்டு வைத்துச் சாப்பிடுவதே உத்தமம்.

பலாப்பழம் வந்த நாள்

மூன்றாம் நாள் காலை, தோப்பிலிருந்து ஒரு சொந்தக்காரர் பலாப்பழம் கொண்டுவந்து இறக்கினார். பன்னிரண்டு கிலோ இருக்கும். பண்ருட்டிப் பலா! வீடு முழுக்க வாசனை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, பாலைத் துடைத்து, சுளை சுளையாக எடுத்துப் பாத்திரத்தில் போட்டவள் நான். ஒரு சுளை வாயில் போகவில்லை. சத்தியாக்கிரகம் என்றால் இதுதான்!

சத்தியாக்கிரகம் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. 1943 பிப்ரவரி 10-ம் தேதி புனே ஆகாகான் மாளிகைச் சிறையில் காந்திஜி 21 நாள் உண்ணாவிரதம் தொடங்கியபோது அவருக்கு வயது 73. தண்ணீரைக் குடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் புளிப்புப் பழச்சாறு சேர்த்துக்கொள்வேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். பாதி நாளில் வெறும் தண்ணீர்கூட உள்ளே போகாமல் உயிருக்கே ஆபத்தாகி, கொஞ்சம் சாத்துக்குடிச் சாறு சேர்த்த பிறகுதான் தேறினார். சுற்றிலும் டாக்டர்கள் இருந்தார்கள். மார்ச் 3-ம் தேதி ஆரஞ்சுச் சாற்றோடு முடித்தார்.

மேல்நாட்டில் இந்த ஜூஸ் பட்டினியைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் ஓட்டோ புக்கிங்கர் என்ற ஜெர்மன் கடற்படை டாக்டர். மூட்டு வாதத்தால் முடங்கி வேலையை விட்டவர், 1919-ல் மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பட்டினி இருந்து நடமாட ஆரம்பித்தார். அடுத்த வருஷமே சிகிச்சை நிலையம் திறந்தார். அங்கே கொடுத்ததும் கொஞ்சம் பழச்சாறு, காய்கறி சூப், தேன்தான். ஆனால் அங்கே போகிறவர்களுக்குக் கட்டில் உண்டு, நர்ஸ் உண்டு, டாக்டர் உண்டு. டிபன் பாக்ஸ் கட்ட வேண்டியதில்லை, துணி துவைக்க வேண்டியதில்லை, எல்.கே.ஜி. அட்மிஷனுக்கு அலைய வேண்டியதில்லை! அவர்கள் முறையை அப்படியே நம் அடுப்படிக்குக் கொண்டுவந்தால், பாதி முறைதான் வரும்.

'அம்மா, நானும்!'

மூன்றாம் நாள் சாயங்காலம் இன்னொரு அதிர்ச்சி. ஒன்பதாவது படிக்கிற மகள், "எனக்குச் சாப்பாடு வேணாம்மா, ஜூஸ் போதும். நானும் வெயிட் குறைக்கப் போறேன்" என்றாள். ஸ்கூலில் யாரோ 'குண்டு' என்று சொன்னார்களாம். மூன்று நாளாக என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்!

இந்த வயதுக்குப் பட்டினி கூடவே கூடாது. எலும்பு வளர்கிற வயது, மாதவிலக்கு ஆரம்பித்த வயது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. இவர்களுக்கு வேண்டியது பருப்பு, முட்டை, கீரை, கடலை. உட்கார வைத்துப் பேசினேன். எனக்கு முன்னால் அவள் தட்டில் சாதம் போட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. எடை பார்க்கும் மெஷினைத் தூக்கி அலமாரி மேலே வைத்தார் அவர். வீட்டில் வயசுப் பெண் இருந்தால், அம்மாக்கள் அவள் கண் முன்னால் 'எத்தனை கிலோ குறைஞ்சேன்' என்று கணக்குப் பேசாமல் இருப்பது நல்லது. பட்டினியும் எடையும் மட்டுமே நினைப்பாகிப் போகிற மனநோய் பெரும்பாலும் இந்த வயதில்தான் தலைகாட்டும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வயிற்றுப் புண் இருப்பவர்கள், எழுபதைத் தாண்டிய பெரியவர்கள் இவர்களும் ஜூஸ் பட்டினி இருக்க வேண்டாம்.

நாலாம் நாள்

மூன்று நாள் முடிவில் எடை ஒரு கிலோ எண்ணூறு கிராம் குறைந்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு கிலோ முந்நூறு திரும்பி வந்துவிட்டது. இதில் ஆச்சரியமே இல்லை. கல்லீரலும் தசையும் அவசரத்துக்கென்று கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பட்டினியில் அது கரையும்போது தண்ணீரும் கூடப் போகிறது. சோறு சாப்பிட்டதும் இரண்டும் திரும்பி வந்துவிடும். பக்கத்து வீட்டு அக்காவின் மூன்று கிலோவும் பெரும்பாலும் இதே கணக்குத்தான். அவரிடம் இதைச் சொல்லவில்லை.

நெஞ்செரிச்சல் குறைந்தது உண்மை. அதில் ஜூஸுக்குப் பங்கு எவ்வளவு, காபியும் ராத்திரி ஒன்பதரை மணிச் சாப்பாடும் நின்றதற்குப் பங்கு எவ்வளவு என்று யோசித்தால், இரண்டாவதுக்குத்தான் என் ஓட்டு. அதனால் ஏழரை மணி சூப்பை விடவில்லை. இப்போது அதோடு இரண்டு இட்லி.

பட்டினியை முடிப்பதில்தான் நம் பெரியவர்களின் கெட்டிக்காரத்தனம். ஏகாதசிக்கு மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று அளவாகச் சாப்பிட்டு முடித்தார்கள். எனக்கு அத்தை கொடுத்தது காலையில் நொய்க்கஞ்சி, பதினொரு மணிக்கு இரண்டு இட்லி, மதியம் குழைந்த சாதமும் மிளகு ரசமும். பருப்பும் எண்ணெயும் மறுநாள்தான். மூன்று நாளுக்கு இதுவே போதும். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவர்கள் திடீரென்று வயிறு நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கி, இதயமே நின்றுபோகலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து, பட்டினி முகாம்களிலிருந்து விடுபட்டவர்கள் சாப்பாடு கிடைத்த பிறகு இறந்ததைப் பார்த்துத்தான் டாக்டர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள்.

அவர் இப்போது சட்டைப் பையில் நாலு கல்கண்டும், மாத்திரைகளின் பெயர் எழுதிய ஒரு அட்டையும் வைத்திருக்கிறார். அட்டையின் பின்பக்கம் என் போன் நம்பர். மண்டியில் அந்தப் பையனுக்கும் ஒரு காப்பி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.